மாரித்தாய் வீட்டுத் தரை

தொண்ணூற்றேழாம் வருஷம் ஆவணி மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமையிலிருந்து கோவில்பட்டியில் மாரித்தாய் வீட்டு முன்னறைத் தரையில் யார் நின்றாலும் அவர்கள் முகம் கண்ணாடியில் விழுவதுபோல விழுந்தது. அந்தத் தரையை மூன்று நாள் மிஷின் போட்டுப் பளபளப்பாக்கிய அவள் மகன் முத்துசெல்வத்தின் முகம் மட்டும் புகைக்குள் இருப்பதுபோல மங்கலாகத் தெரிந்தது. முதலில் அதைப் பார்த்தவள் அவனுடைய அக்கா சுதாராணி. காலை ஏழரை மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்பி வாசலைப் பார்த்து நடந்தபோது அவன் டீத் தம்ளருடன் எதிரே வந்தான். தரையில் அவளுடைய சேலைக் கொசுவம் தெரிந்தது, மின்விசிறியின் மூன்று இறக்கைகள் தெரிந்தன, சுவரில் தொங்கிய காலண்டரின் தேதிகூடத் தலைகீழாகத் தெரிந்தது. அவனுடைய பாதம் தெரிந்தது. முழங்காலுக்குமேல் பால் கொட்டினதுபோல் ஒரே வெளுப்பு.

சுதாராணி அப்படியெல்லாம் கண்ணை நம்பி ஏமாறுகிறவள் இல்லை. அவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில் பன்னிரண்டு வருஷமாகத் தாள் பார்க்கிற வேலை. வார்னிஷ் ஏறிக் காய்ந்து வரும் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பிடிப்பாள். நல்ல தாளில் விளக்கு ஒரு வெள்ளைக் கோடாக, ஓரம் வெட்டி வைத்ததுபோல் விழும். வார்னிஷ் சரியாக இறங்காத தாளிலும் அதே கோடு விழும். ஆனால் கோட்டைச் சுற்றி லேசாக ஒரு வெளுப்பு கசிந்து நிற்கும். மற்றவர்களுக்கு இரண்டுமே பளபளப்புத்தான். "பளபளப்பு அடியில கெடக்கும், மங்கல் அதுக்கு மேல ஏறி உக்காந்திருக்கும். ரெண்டையும் தனித்தனியாப் பாருங்க" என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் சொல்வாள். அவள் கழித்துப் போட்ட தாளை முதலாளிகூடத் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை.

ஆகவே அன்று காலை அவள் முறையாகவே பார்த்தாள். மெழுகைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருப்பான் என்று நினைத்து, குனிந்து முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்தாள். கறையாக இருந்தால் தலையை அசைக்கும்போது அசையாது, பிம்பமாக இருந்தால் அசையும் என்பதால் தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தாள். அசைந்தது. அவன் அடுப்படிப் பக்கம் நகர்ந்தான். மங்கலும் அவன்கூடவே போயிற்று. அவன் நின்ற இடத்தில் தரை சுத்தமாக இருந்தது, அதில் அவள் முகம் மூக்குத்தியோடு தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். அன்று முழுவதும் அவள் மனசில் ஒரு நிம்மதி இருந்தது. தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்துகொண்டவர்களுக்கு வருகிற நிம்மதி அது.

முத்துசெல்வம் அந்த வீட்டுக்கு வந்து அப்போது நாற்பது நாள் ஆகியிருந்தது. அல்லது, பதினேழு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. இரண்டில் எது சரி என்பதுதான் தெருவில் பேச்சாக இருந்தது.

எண்பதாம் வருஷம் மாரித்தாயின் ஆறு வயது மகன் தொலைந்துபோனான். தூத்துக்குடியில் அத்தை வீட்டில் காதுகுத்து. அப்பா சோலைராஜுக்குத் தீப்பெட்டி செய்கிற ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. பதினைந்து வயதுச் சுதாராணியோடு பையனை ரயிலேற்றி அனுப்பினார். தூத்துக்குடி ஸ்டேஷனில் கூட்டத்தில் தம்பியின் கை நழுவிவிட்டது என்று சுதாராணி சொன்னாள். சோலைராஜ் தூத்துக்குடியில் பதினோரு நாள் தேடினார். அதன்பிறகு மாதம் ஒருமுறை போய்ச் சந்தை, துறைமுகம், கடற்கரை, மாதா கோவில் வாசல் என்று சுற்றிவிட்டு வருவார். ஒன்பது வருஷம் அப்படித் தேடி, எண்பத்தொன்பதில் நெஞ்சுவலி வந்து செத்துப்போனார். தம்பி கிடைக்கிறவரைக்கும் கல்யாணம் வேண்டாம் என்று சுதாராணி சொல்லிவிட்டாள். ஊர் அதைப் பெரிதாகப் பேசியது. அக்கா என்றால் அவளைப்போல இருக்க வேண்டும் என்று பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் சொன்னார்கள். சுதாராணி குழாயடிக்கு வந்தால் வரிசையில் இரண்டு குடம் முன்னால் விட்டார்கள்.

தொண்ணூற்றேழு ஆடி மாதம், கல் இழைக்கும் மிஷினைச் சாக்கில் கட்டிச் சுமந்துகொண்டு இருபத்து மூன்று வயது ஆள் ஒருவன் கோவில்பட்டியில் ரயிலைவிட்டு இறங்கினான். புனே பக்கம் கட்டட வேலைகளில் மொசைக் பாலிஷ் போட்டுப் பிழைத்தவன். பேசிய தமிழில் பாதி இந்தி. வேலை பார்த்த இடத்தில் தமிழ்க் கொத்தனார் ஒருவர் பீடி பற்ற வைத்த தீப்பெட்டியில் இரண்டு வாத்துப் படம் இருந்தது. அந்த வாத்துக்களை அவன் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறான். அம்மா தரையில் உட்கார்ந்து பசை தடவி அதை ஒட்டிக்கொண்டே இருப்பாள். அதில் என்ன ஊர் போட்டிருக்கிறது என்று கொத்தனாரைக் கேட்டான். ஊரைப் பற்றி அவனுக்கு நினைவிருந்ததெல்லாம் அந்த வாத்தும், பசை வாடையும், மாரித்தாய் என்ற பெயரும், சுதாக்கா என்ற பெயரும்தான். விசாரித்து வந்து வாசலில் நின்றபோது மாரித்தாய் முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கடைக்குப் போன பிள்ளை தாமதமாக வந்ததுபோல, "ஏன்யா இம்புட்டு நேரம்?" என்று கேட்டாள். அதற்குமேல் அவள் எதையும் விசாரிக்கவில்லை.

விசாரித்தவர் சிவனாண்டி. செத்துப்போன சோலைராஜின் தம்பி, சின்னதாக ஒரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். யார் எதைச் சொன்னாலும் இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வந்தவனை எதிரே உட்கார வைத்தார்.

"எங்கன தொலைஞ்சே தம்பி?"

"ஊர் பேரு தெரியாது. வண்டி மாறுத எடம். ஒரு தூண் பக்கத்துல நின்னேன். வண்டி போயிட்டு."

"எந்தப் பக்கம் போச்சு?"

"நான் நின்ன எடத்தைத் தாண்டி, முன்னால போச்சு."

சிவனாண்டி சிரிக்கவில்லை. "தூத்துக்குடி ஸ்டேஷன்ல தண்டவாளம் முடிஞ்சிரும்ப்பா. அதுக்கு அங்கிட்டுக் கடல்தான். எந்த வண்டியும் தாண்டி முன்னால போவாது" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியளா" என்றார். மாரித்தாய் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்த சுதாராணி உள்ளே போய் எரிகிற அடுப்பைக் குறைத்தாள்.

தண்டவாளம் முடியாத இடம், வண்டி மாறுகிற இடம் என்றால் அது மணியாச்சிதான். எண்பதாம் வருஷம் அக்காவும் தம்பியும் மணியாச்சியில்தான் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. கோவில்பட்டியிலிருந்தே பையன் ஜன்னல் பக்கம் கேட்டு அழுதுகொண்டு வந்தான், அவளைக் கிள்ளினான், எதிரே இருந்தவர்கள் முன்னால் அவள் ரிப்பனைப் பிடித்து இழுத்தான். மணியாச்சி பிளாட்பாரத்தில் அவனை ஒரு தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தி, நான் கூப்பிடுகிறவரை அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, அவள் மட்டும் தூத்துக்குடி வண்டியில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவன் பயந்து முழிப்பதைப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். அவன் பயப்படவில்லை, விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். வண்டி நகர்ந்தது. இறங்கிவிடலாம் என்று நினைத்தாள். இறங்கலாம் என்று இரண்டாம் முறை நினைத்தபோது வண்டி வேகம் பிடித்திருந்தது. தூத்துக்குடியில் காத்திருந்த அத்தை, பையன் எங்கே என்று கேட்டதும் சுதாராணி முன்னாலிருந்த கூட்டத்தைப் பார்த்து, "கை நழுவிட்டு அத்தை" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு அவளால் அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எல்லோரும் தூத்துக்குடியில் தேடினார்கள். மணியாச்சியில், மறுநாள் உச்சி வரைக்கும் தூணைவிட்டு அசையாமல் நின்ற பையனை யாரும் தேடவில்லை.

ஆகவே சிவனாண்டியின் கேள்விக்கு வந்த பதில் சரியான பதில் என்பது அந்த வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளோ அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். வண்டி மாறுகிற இடத்தில் தொலைந்த பையன்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள், இவன் வேறு யாரோ ஒரு அக்காவுடைய தம்பியாக இருக்கும் என்று நினைத்தாள். உண்மையான தம்பியாக இருந்தால் ஜன்னலைச் சொல்வான். ஜன்னலில் நான் இருந்ததைச் சொல்வான். இவன் சொல்லவில்லை. அதனால் இவன் அவன் இல்லை. தினமும் சோறு போடும்போது அவன் வாயைப் பார்த்தாள். வெளியூர் சாமான் ஒன்றை வீட்டுக்குள் வைத்திருப்பதுபோல அவனைச் சுற்றிப் போனாள். அவன் குளிக்கப் போனபோது அவன் பையைத் தடவிப் பார்த்தாள். இரண்டு சட்டையும், நான்கு இழைப்புக் கல்லும், வாத்துப் படம் போட்ட காலித் தீப்பெட்டியும் இருந்தன. தெரிந்து வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிறானா, தெரியாமல்தான் இருக்கிறானா என்பது பிடிபடாமல் மெலிந்துபோனாள்.

அந்த நிலையில்தான் அவன் தரையை இழைத்தான். சோலைராஜ் காலத்தில் போட்ட மொசைக், மேலோடு ஒருமுறை இழைத்து விட்டது, காலில் சொரசொரவென்று குத்தும். அம்மாவுக்குப் பித்தவெடிப்பு இருப்பதைப் பார்த்துவிட்டு அவனாகவே மிஷினை எடுத்தான். முரட்டுக் கல், நடுக் கல், மெல்லிய கல் என்று மாற்றிப் போட்டு, ஆசிட் தூவித் தேய்த்து, கடைசியில் மெழுகு வைத்துத் துணியால் துடைத்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் பார்க்க வந்த பெண்கள் தண்ணீருக்குள் காலை வைப்பதுபோலச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பிறகு அதுவும் தரையில் தெரியும் என்பது உறைக்க, சேலையைக் கீழே இறக்கிவிட்டு முழங்காலை ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கரிசல் மண் ஒட்டிய காலோடு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டார்கள். அவன் அதன்பிறகு டவுனில் இருபது வீடுகளுக்குப் பாலிஷ் போட்டான். அந்தத் தரைகளெல்லாம் தரைகளாகவே இருந்தன.

பத்து நாள் பொறுத்திருந்து சுதாராணி விஷயத்தைச் சித்தப்பாவிடம் சொன்னாள். சிவனாண்டி வந்து நின்று பார்த்தார். முதலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "அடியில முகம் கெடக்கு சித்தப்பா, அதைப் பாக்காதீய. அதுக்கு மேல ஒரு படலம் போகுதா, அதைப் பாருங்க" என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். தெரிந்தது. அவர் தன் மனைவியிடம் சொல்ல, அவளுக்கும் தெரிந்தது. சொல்லிக் காட்டப்பட்டவர்களுக்கெல்லாம் தெரிந்தது. விஷயம் தெரியாமல் வந்துபோனவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர்களை யாரும் கேட்கவும் இல்லை. கார்த்திகைக்குள் தெருவில் முக்கால்வாசிப் பேர் பார்த்தாயிற்று. மாரித்தாய் மட்டும், "எனக்குத் தெளிவாத்தான தெரியுது, மீசைகூடத் தெரியுது" என்றாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. ஊசியில் நூல் கோக்கப் பக்கத்து வீட்டுக்குப் போகிறவள். அவள் சொன்னதை எப்படிச் சாட்சியாக எடுக்க முடியும் என்று சிவனாண்டி கேட்டார்.

அவன் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். சோலைராஜ் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எழுதி வைத்த அதே வகை ரத்தம்தான் வந்தது. டவுனில் பாதிப் பேருக்கு அந்த ரத்தம்தான் என்று லேபில் இருந்தவர் சொல்லிவிட்டார். சுதாராணி தன் கண்ணையும் சந்தேகிக்காமல் விடவில்லை. திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினாள். கடைசி வரிசை எழுத்துவரை வாசித்தாள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, இந்த வயதில் இப்படிக் கண் அமைவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னார். அவள் அந்தச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்தாள்.

முத்துசெல்வத்திடம் யாரும் நேராகச் சொல்லவில்லை. ஆனாலும் தன் முகத்தை விட்டுவிட்டு எல்லோரும் தன் காலடியைப் பார்த்துப் பேசுவது அவனுக்குப் புரிந்தது. அவன் முன்னறையைத் தவிர்த்துப் பின்வாசல் வழியாகப் போய்வரத் தொடங்கினான். இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று. தொண்ணூற்றெட்டில் மழை தவறி உளுந்து கருகியது, கம்பு கொஞ்சம் தப்பித்தது. அவன் தமிழில் இந்தி குறைந்து, ஏலே, வாலே என்றெல்லாம் பேச ஆரம்பித்திருந்தான். பேச்சைக்கூடக் கற்றுக்கொண்டான் பார் என்று சுதாராணி நினைத்தாள்.

தொண்ணூற்றொன்பது பங்குனியில் குளத்தூரிலிருந்து இசக்கிச்செல்வி என்ற பெண்ணின் தகப்பனாரும் மாமாவும் மாப்பிள்ளை பார்க்க வந்தார்கள். மாரித்தாய் கேசரி கிண்டியிருந்தாள். முத்துசெல்வம் அன்றைக்கு முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. சிவனாண்டி தகப்பனாரின் காதில் இரண்டு வார்த்தை சொன்னார். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். வெகு நேரம் பார்த்தார்கள். பிறகு ஊருக்குக் கடைசி பஸ் நாலு மணிக்கு என்று சொல்லி, மணி பன்னிரண்டாக இருக்கும்போதே எழுந்து போனார்கள். கேசரித் தட்டுகள் தரையில் கவிழ்த்து வைத்ததுபோலவும் நிமிர்த்தி வைத்ததுபோலவும் இரண்டிரண்டாகத் தெரிந்தன. முத்துசெல்வம் தட்டுகளை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டு, "நான் வார வெள்ளிக்கெழமை புனே போறேம்மா" என்றான். மாரித்தாய் அந்த நேரத்திலிருந்து தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் வைக்கவில்லை.

இதற்கிடையில் அச்சகத்தில் ஒரு விவகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரத்துக்குப் பத்துத் தாள் கழித்துப்போடுகிற சுதாராணி, ஆயிரத்துக்கு முந்நூறு என்று கழிக்க ஆரம்பித்திருந்தாள். அவள் கண்ணை மறுத்துப் பேச அங்கே ஆள் இல்லை. மிஷினைக் கழற்றி மாட்டினார்கள், வார்னிஷை மாற்றினார்கள், பழைய மிஷின்மேனை நிறுத்திவிட்டுக் கயத்தாறிலிருந்து கிபாயத்துல்லா என்பவரைக் கொண்டுவந்தார்கள். அவர் வந்து ஒரு மாதமாகியும் மங்கல் குறையவில்லை. அந்த வெள்ளிக்கு முந்தின நாள் வியாழக்கிழமை, சுதாராணி கழித்துப் போட்ட தாள்களில் ஒரு கை அள்ளிக்கொண்டு அவர் வெளியே வெயிலுக்குப் போனார். திரும்பி வந்து அவளுடைய மேசைக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, எங்கன மங்கலா இருக்கு? எனக்குக் கோடு சுத்தமாத்தான் விழுது."

சுதாராணி ஒரு தாளை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள். கோட்டைச் சுற்றிப் பால் கசிந்து நின்றது. தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணைச் சுருக்காமல், அவசரப்படாமல் பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்குக்கா" என்றார். பதினான்கு வருஷத்தில் அவளிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அவள் அந்தத் தாளை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "சாப்பாட்டு நேரத்துல எங்க வீடு வரைக்கும் வந்துட்டுப் போங்க தம்பி. ஒண்ணு பாத்துச் சொல்லணும்" என்றாள்.

கிபாயத்துல்லாவுக்கு அந்த வீட்டுக் கதை எதுவும் தெரியாது. தினமும் கயத்தாறு பஸ்ஸில் வந்து அதே பஸ்ஸில் போகிறவர். அவர்கள் போனபோது முன்னறையில் சிவனாண்டி நாற்காலியில் இருந்தார். வெள்ளிக்கிழமை அவன் நிச்சயம் போகிறானா என்பதை உறுதிப்படுத்த வந்திருந்தார். மாரித்தாய் சுவரில் சாய்ந்து கிடந்தாள். முத்துசெல்வம் மிஷினைச் சாக்கில் வைத்துக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். சுதாராணி, கிபாயத்துல்லாவை நிலைப்படியில் நிறுத்தி, தான் நடுவில் போய் நின்றுகொண்டாள்.

"தரையில இத்தனை பேரும் தெரியுதோம். யாரு மூஞ்சி மங்கலாத் தெரியுது, சொல்லுங்க."

அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார். தாள் பார்த்த அதே நிதானத்தோடு பார்த்தார். சொல்ல அவருக்குத் தயக்கமாக இருந்தது.

"தப்பா எடுத்துக்கிடக் கூடாது அக்கா. அவிய எல்லாரும் நல்லாத் தெரியுதாவ. உங்க மூஞ்சிதான் எனக்குப் பிடிபட மாட்டேங்குது."

சுதாராணி குனிந்து பார்த்தாள். அவளுக்கு அவள் முகம் மூக்குத்தி, நெற்றிப் பொட்டு, காதோரம் நரைத்த இரண்டு முடி எல்லாவற்றோடும் தெளிவாகத் தெரிந்தது. நல்ல தாள்களை ஒரு மாதமாக அவள் வேண்டுமென்றே கழிக்கிறாள் என்று கிபாயத்துல்லா மனசுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் அவரே சொல்லித்தான் தெரிய வந்தது. அன்றைக்கு அது அவளுக்குத் தெரியாது. ஆனால் தரை தரையாகத்தான் இருக்கிறது, மங்கல் பார்க்கிறவர்களிடம்தான் இருக்கிறது என்பது அவளுக்குப் போதுமான அளவு விளங்கியது. கிபாயத்துல்லாவை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மிஷின் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"மணியாச்சியில நான் ஜன்னல் பக்கம்தான் இருந்தேன்."

முத்துசெல்வம் கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை. "ஆமா. நான் கை காட்டுனேன்" என்றான். ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கிவிட்டு, "நீயும் காட்டுனே" என்றான்.

அவள் காட்டியிருந்தாள். வண்டி நகர்ந்தபோது, அவன் சிரித்துக் கை ஆட்டியதைப் பார்த்து, ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து அவளும் கையை ஆட்டினாள். பத்தொன்பது வருஷமாக அதை மட்டும் அவள் தன்னிடம்கூடச் சொல்லிக்கொண்டதில்லை. அதை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

"ஏம்லே சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன்" என்றான்.

அவள் தரையைப் பார்த்தாள். அவன் குனிந்திருந்த முகம் அதில் தெரிந்தது. புருவம் சோலைராஜுடையது. இடது காதுக்குக் கீழே ஒரு மரு இருந்தது. இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் சோறு போட்டவள் அந்த மருவை அப்போதுதான் பார்த்தாள். சிவனாண்டியும் பார்த்திருக்க வேண்டும். நாற்காலியைவிட்டு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார்.

மாரித்தாய் சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். "அப்போ தூத்துக்குடியில தொலையலையா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் சுதாராணி.

"உங்கப்பா ஒம்பது வருசமா அங்கனதான்ட்டி தேடுனாவ."

மாரித்தாய் முத்துசெல்வத்திடம் சோறு போடச் சொல்லிச் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ எழுந்தவள், நடுவில் நின்று தரையைப் பார்த்தாள். மகள் நின்ற இடத்தைக் குனிந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தாள். ஒன்பது நாள் சுதாராணியிடம் அவள் பேசவில்லை. பத்தாம் நாள் காலையில் தரையைப் பார்த்து, "உன்னைத் தெரியலட்டி" என்று மட்டும் சொன்னாள்.

முத்துசெல்வம் புனே போகவில்லை. சிவனாண்டியே குளத்தூருக்குப் போய், தான் சொன்ன இரண்டு வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தார். மன்னிப்பு என்று அவர் எதுவும் கேட்கவில்லை, ஆனால் ஆவணியில் நடந்த கல்யாணத்தில் பந்தியில் நின்று அவரே இலை போட்டார். குளத்தூர்க்காரர்கள் இரண்டாம் முறை வந்தபோது தரையில் மாப்பிள்ளை முகம் மாசு மருவில்லாமல் தெரிந்ததாகச் சொன்னார்கள், மரு இருந்தது. சுதாராணியைப் பற்றிய பேச்சு ஊரில் மாறியது. குழாயடியில் அவளுக்காக யாரும் குடத்தை நகர்த்தவில்லை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவள் பெயரைச் சொல்வதை விட்டார்கள், சிலர் அவளைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். அவள் அதற்காக வேலையை விடவில்லை. தாள்கள் தெளிந்துவிட்டன, ஆயிரத்துக்குப் பத்து, சில நாள் எட்டு. அவள் கழித்த தாளைக் கிபாயத்துல்லா எடுத்து இரண்டாவது முறை பார்ப்பார். அவளே அப்படிப் பார்க்கச் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு வந்த வரன்களை மட்டும் முன்போலவே வேண்டாம் என்றாள். இப்போது அதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் இலவச முகாமில் மாரித்தாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்றே ஊசியில் நூல் கோத்தாள். எதிர்வீட்டு மாடியில் காய்கிற துணி யாருடையது என்று சொன்னாள். சுதாராணியை நேருக்கு நேர் பார்த்து, இவ்வளவு நரைத்துவிட்டதா என்று கேட்டாள். தரையில் மட்டும் மகள் தெரியவில்லை. சேலை தெரிந்தது, கழுத்துக்குமேல் புகை. முத்துசெல்வம் அம்மாவுக்காக அந்தத் தரையை இன்னொரு முறை இழைத்துப் பார்த்தான். புதிய மெழுகு வைத்தான். அதனால் மின்விசிறி இன்னும் கூர்மையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். "மிஷினுக்கு இதுக்கு மேல எட்டாதுக்கா" என்று அக்காவிடம் சொன்னான். அவள் சரி என்றாள்.

இரண்டாயிரத்து மூன்று தை மாதம் ஒரு காலையில் மாரித்தாய் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவள், வேலைக்குக் கிளம்பிய மகளின் காலடியைப் பார்த்துவிட்டு, "நாடி தெரியுது" என்றாள். சுதாராணி நின்று தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். எட்டு மாதம் கழித்து வாய் தெரிந்தது. அதன்பிறகு ஒரு தடவை, சோலைராஜின் திதி அன்று, எல்லாம் மூடிக்கொண்டு மறுபடி சேலை மட்டும் தெரிந்தது. திரும்ப நாடி தெரிய அடுத்த வருஷம் மாசி ஆயிற்று. இசக்கிச்செல்விக்கு அந்த வீட்டுக்கு வந்த புதிதில் இதெல்லாம் விசித்திரமாக இருந்தது. பிறகு அவளே காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது, "அத்தை, இன்னைக்கு மதினி எதுவரைக்கும்?" என்று கேட்கப் பழகிவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் நகராட்சித் தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டு, அதே மூச்சில் இதையும் கேட்டுவிட்டுப் போவார்கள். தண்ணீர் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தது.

இரண்டாயிரத்து ஆறு ஐப்பசியில், மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு திங்கட்கிழமை, சுதாராணி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து, வழக்கம்போல அம்மாவுக்கு எதிரே ஒரு நிமிஷம் நின்றாள். மாரித்தாய் குனிந்து, அவசரமில்லாமல் பார்த்தாள்.

"மூக்குத்தி தெரியுது."

"கண்ணு?"

"அதுக்கு நாளாகும்ட்டி."

"சரிம்மா, வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சுதாராணி செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.